நர்ஸம்மா பந்து போடுகிறார்

பால் காயும் நேரம்தான் நர்ஸம்மா பந்து போடும் நேரம். இடது கையை நேராக நீட்டி, விரல் நுனிகளில் டென்னிஸ் பந்தை ஏந்தி, சமையலறைக் கதவின் மேல்சட்டத்தைத் தாண்டுகிற உயரத்துக்கு அனுப்புவார். திரும்பி வரும் பந்து தரையில் விழ வேண்டும், அதுதான் பாடம். ஆனால் அது இடுப்புக்குக் கீழே இறங்கியதாகச் சரித்திரம் இல்லை. கை அது பாட்டுக்குப் போய் வாங்கிக்கொண்டு வந்துவிடும். வாங்கிய கையைப் பார்த்து, "உன்ன யாரு கூப்பிட்டா?" என்று அதட்டுவார். அதற்குள் பால் பொங்கிவிடும். அடுப்பை அணைத்துவிட்டு, வழிந்ததைத் துடைத்துவிட்டு, மறுபடியும் பந்தை எடுப்பார்.

ஐம்பதைத் தாண்டியவர். குள்ளம், ஆனால் நடை வேகமானது. பெரிய ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வேலை பார்க்கிறார். நகங்களை ஒட்ட வெட்டியிருப்பார். மோதிரம், கடிகாரம் எதுவும் கையில் கிடையாது. எதையும் இரண்டு கைகளாலும் வாங்கித்தான் பழக்கம். டீக் கோப்பையானாலும் சரி, பக்கத்து வீட்டுச் சாவியானாலும் சரி, அடியில் ஒரு கை, பக்கவாட்டில் ஒரு கை. ஒருமுறை கடையில் முன்பின் தெரியாத ஒருவரின் முழங்கை பட்டு அலமாரியிலிருந்து ஒரு கண்ணாடி ஜாடி சரிந்தது. அவர் திடுக்கிட்டுத் திரும்புவதற்குள் ஜாடி நர்ஸம்மாவின் கையில் இருந்தது. "பாத்து நடங்க" என்று சொல்லி அதை அவரிடமே கொடுத்துவிட்டு, சோப்பு வாங்கப் போய்விட்டார்.

"பொறந்த பிள்ள வழுக்கும். சோப்புப் போட்ட மீன் மாதிரி இருக்கும்" என்று புதிதாக வேலைக்கு வரும் பெண்களிடம் சொல்வார். "புடிக்கிறப்ப யோசிக்கக் கூடாது. யோசிச்சா போச்சு. என் கையிலேருந்து இதுவரைக்கும் எதுவும் கீழ போனதில்ல."

இதைக் கேட்டு அவரைப் பூப்போன்ற மனுஷி என்று நினைத்துவிட வேண்டாம். வார்டில் அவர் குரல் கேட்டால் வராந்தாவில் நிற்கும் கணவன்மார்கள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்வார்கள். "நீங்க எதுக்கு அழறீங்க? உள்ள அவங்க அவங்க வேலையப் பாக்கறாங்க. நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்க, அதுதான் உங்க வேல" என்று விரட்டுவார். கைராசிக்காரர் என்று பெயர் எடுத்தவர் என்பதால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கோபித்துக்கொண்டாலும் அவர் காதில் போட்டுக்கொள்ளப் போவதில்லை.

இப்படிப்பட்டவருக்கு இந்த வயதில் டென்னிஸ் எதற்கு என்று தெருவில் பலரும் கேட்டார்கள். சிலர் அவர் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். "இடுப்பு வலிக்கு நல்லதாம்" என்று சொல்லி அவர்களைச் சமாளித்துவிடுவார். காரணம் வீட்டுக்குள் இருந்தது.

அந்த வீட்டில் போன வருடம் வரை மூன்று பேர். நர்ஸம்மா, அவருடைய கணவர், கணவரின் தங்கை. மகன் வேலைக்கென்று தொலைவில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் முகம் காட்டுவான். நாத்தனாருக்குக் கல்யாணம் கூடிவரவில்லை, பிறகு அவரும் அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார். வண்டி ஓட்டும் லைசென்ஸ் கேட்டு வருகிறவர்களைச் சோதித்துப் பார்க்கும் அதிகாரி அவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் ஊரைச் சுற்றி வந்து, இறங்கும்போது ஒரே வார்த்தையில் "இல்லை" என்பார். பாதி ஊரை ஃபெயிலாக்கியவர் என்று அண்ணனே கிண்டல் செய்வார்.

அண்ணியும் நாத்தனாரும் சண்டை போட்டதே இல்லை. நேரடியாகப் பேசியதும் அதிகமில்லை. எல்லாமே அண்ணன் வழியாகத்தான் போகும். "அண்ணா, ஜன்னலைச் சாத்தச் சொல்லு, குளிருது" என்பார் நாத்தனார், நர்ஸம்மா கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கும்போதே. "ஏங்க, கொஞ்சம் காத்து வரட்டும்னு சொல்லுங்க" என்பார் இவர். மனிதர் எழுந்து போய் ஜன்னலைப் பாதி சாத்திவிட்டு வந்து செய்தித்தாளைப் பிரித்துக்கொள்வார். அவர் இருந்தவரை இதில் யாருக்கும் குறையில்லை.

அண்ணனுக்கும் தங்கைக்கும் சனிக்கிழமை காலை என்றால் டென்னிஸ். பள்ளிக்கூட நாளிலிருந்து ஜோடி. குடியிருப்புக்குப் பின்னால் கம்பிவேலி போட்ட மைதானம் ஒன்று இருக்கிறது. அங்கே எதிர்ப் பக்கம் மருந்துக்கடைக்காரரும் அவர் மனைவியும். நர்ஸம்மா அந்தப் பக்கமே போனதில்லை. "ஒரு பந்துக்கு நாலு பேரு" என்று சொல்லி, வியர்வைத் துணிகளை ஊறவைப்பதோடு சரி.

அப்படி ஒரு சனிக்கிழமையில்தான் கணவர் இறந்துபோனார். சர்வீஸ் போடுவது, அதாவது பந்தை மேலே அனுப்பி அடித்து ஆட்டத்தைத் தொடங்குவது, அவர் முறை. ஜோடி ஆட்டத்தில் ஒருவர் பின்கோட்டில் நின்று சர்வீஸ் போட, மற்றவர் வலையருகே முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். தங்கை வலையருகே நின்றார். பந்து வரவில்லை. "என்னண்ணா, தூங்கிட்டியா?" என்று திரும்பாமலே கேட்டார். பதில் வரவில்லை. எதிர்ப் பக்கத்து இருவரும் மட்டைகளைக் கீழே போட்டுவிட்டுத் தம்மை நோக்கி ஓடிவருவதைப் பார்த்து, எதற்கு ஓடிவருகிறார்கள் என்று ஒரு கணம் விளங்காமல் நின்றார். அதன் பிறகுதான் திரும்பினார்.

நர்ஸம்மா அப்போது வார்டில் இருந்தார். ஒரு தலை வெளியே வந்துகொண்டிருந்த நேரம். செய்தி கதவுக்கு வெளியே காத்திருந்தது. குழந்தையைத் தாயின் மார்மேல் கிடத்தி, கொடியை வெட்டி, கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தவர், அங்கே நின்ற சின்ன நர்ஸின் முகத்தைப் பார்த்தவுடனே சுவரைப் பிடித்துக்கொண்டார். "ஊர்ப் பிள்ளைங்கள எல்லாம் புடிச்சேன். அவர் விழறப்ப நான் இல்ல" என்று அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார்.

அன்றிலிருந்து நாத்தனாரால் யாருக்கும் முதுகு காட்டி உட்கார முடியவில்லை. வீட்டில் நாற்காலியைச் சுவரோரம் நகர்த்திக்கொண்டார். அலுவலகத்தில் மேசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். பஸ்ஸில் கடைசி இருக்கை காலியாக இல்லாவிட்டால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார். பின்பக்கம் காட்டும் கண்ணாடியைப் பார்க்காமல் ஓட்டியவர்கள் ஒருவருக்கும் அதன் பிறகு அவர் கையால் லைசென்ஸ் கிடைக்கவில்லை. மைதானத்துப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை.

"நீ திரும்பிப் பாத்திருந்தாலும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது. அந்த மாதிரி மாரடைப்புக்கு யாராலயும் முடியாது" என்று நர்ஸம்மா ஆஸ்பத்திரிக்காரியாகவே ஒருநாள் எடுத்துச் சொன்னார். நாத்தனார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

"பாத்திருந்தா பாத்திருப்பேன் இல்ல, அண்ணி" என்றார் கடைசியில்.

நர்ஸம்மா எழுந்து துணி மடிக்கப் போனார்.

மூன்று மாதம் முன்பு நாத்தனார் வேறு ஊருக்கு மாற்றல் கேட்டு எழுதிப் போட்டார். அது கிடைத்தும் விட்டது. போவதாக இருந்தால் குறிப்பிட்ட திங்கட்கிழமைக்குள் சம்மதம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. "ஊர் மாறினா சரியாயிடும் அண்ணி" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூசி தட்ட ஆரம்பித்தார். போகாதே என்று நர்ஸம்மா சொல்லியிருக்கலாம். ஜன்னலைத் திற என்று சொல்லக்கூட நடுவில் ஆள் வைத்துக்கொண்டவர், இவ்வளவு பெரிய வார்த்தையை எப்படிச் சொல்வார்? அந்தப் பெட்டி கூடத்தில் வாயைப் பிளந்துகொண்டு கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அதன் மூடியைச் சாத்திவிட்டுப் போனார். இனி இந்த வீட்டில் கணவரின் பெயரைச் சொல்ல இன்னொரு வாய் இருக்காது. நாத்தனார் மீது தனக்கு இத்தனை பிரியம் இருந்ததா என்று அவருக்கே ஆச்சரியம்.

போகாதே என்பதற்குப் பதிலாக அவர் வாயிலிருந்து வந்தது இதுதான்: "சனிக்கிழம ஆட்டத்துக்கு ஜோடி இல்லேன்னா, நான் வரேன்."

நாத்தனார் அவரைப் பார்த்த பார்வை, பிரேக் எது ஆக்ஸிலரேட்டர் எது என்று தெரியாமல் தேர்வுக்கு வந்தவரைப் பார்க்கிற பார்வை.

"சர்வீஸ் போடத் தெரியுமா அண்ணி?"

"கத்துக்கறேன்."

"மத்ததெல்லாம் நான் ஓடிப் புடிச்சு சமாளிச்சிடலாம். சர்வீஸ ஒருத்தருக்காக இன்னொருத்தர் போட முடியாது." பேச்சை முடிப்பதற்காகவோ என்னவோ, "நீங்க ஒழுங்கா போடற அன்னிக்குச் சொல்லுங்க, வரேன்" என்றார்.

அன்றிலிருந்துதான் பால் பொங்குகிறது.

மைதானத்தில் கோச் ஒரு முப்பது வயதுப் பெண். தொப்பியைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு, எந்நேரமும் எதையாவது கொறித்துக்கொண்டிருப்பாள். மட்டையைச் சுத்தியல் பிடிப்பதுபோல் பிடிக்க வேண்டும், பக்கவாட்டில் திரும்பி நிற்க வேண்டும், பந்தை உச்சியில் வைத்து அடிக்க வேண்டும் என்று அவள் சொன்ன எல்லாமே நர்ஸம்மாவுக்குச் சீக்கிரம் பிடிபட்டது. தோளில் வலு இருந்தது. கர்ப்பிணிகளைக் கட்டிலில் தூக்கிப் போட்ட தோள் அது. அடிப்பதற்கு முன்னால் ஒன்று செய்ய வேண்டியிருந்ததே, பந்தை மேலே அனுப்புவது, அங்கேதான் எல்லாம் கெட்டது.

"தூக்கிப் போடாதீங்கம்மா. மேல் தட்டுல ஒரு டம்ளர வைக்கற மாதிரி வச்சிட்டுக் கைய எடுத்துடுங்க."

"வச்சிட்டேன்."

"கைய எடுக்கலியே."

எடுக்கவில்லைதான். பந்து கையை விட்டுக் கிளம்பும், கையும் அதன் பின்னாலேயே கிளம்பும். முதல் வாரத்தில் ஒருநாள் பந்து கொஞ்சம் பின்னால் போய்விட்டது. ஒரு கையால் எட்டாது என்று தோன்றியதும் நர்ஸம்மா வலது கையில் இருந்த மட்டையைத் தரையில் போட்டுவிட்டு, இரண்டு கைகளாலும் பாய்ந்து பந்தைப் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். மட்டை தடதடவென்று உருண்டு வேலியில் போய் முட்டியது. கோச் வாயில் இருந்ததைத் துப்பிவிட்டுச் சிரித்தாள். நர்ஸம்மா சிரிக்காததைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

"பந்துதானேம்மா, விழட்டும்."

"பந்துன்னு எனக்குத் தெரியுது. கைக்குத் தெரியலியே."

"எதுக்கும்மா இந்த சர்வீஸுக்கு இவ்ளோ பாடு? சும்மா ரெண்டு பந்து தட்டிட்டுப் போகலாமே. உடம்புக்கு அதுவே போதும்."

நர்ஸம்மா மட்டையை எடுத்து மண்ணைத் துடைத்தார். "அவ பின்னாடி யாராவது நின்னு போடணும்மா. நின்னு, போட்டு, அதுக்கப்புறமும் நிக்கணும். அத அவ பாக்கணும்" என்றார். கோச்சுக்கு அந்தச் சனிக்கிழமை தெரியும். முதலில் ஓடிவந்தவர்களில் அவளும் ஒருத்தி. அதற்குப் பிறகு அவள் கொறிப்பதைக்கூட நிறுத்திவிட்டுச் சொல்லிக்கொடுத்தாள்.

வழி கண்டுபிடித்ததும் அவள்தான். ஒரு பந்துக்குப் பதிலாக இரண்டு பந்துகளை இடது கையில் கொடுத்தாள். ஒன்றை உள்ளங்கையில் சுண்டுவிரலால் மடக்கிக்கொண்டு, மற்றதை மட்டும் விரல் நுனியிலிருந்து அனுப்ப வேண்டும். ஆட்டக்காரர்கள் பலர் செய்வதுதான். நர்ஸம்மா அனுப்பினார். கை தொடர்ந்து போகப் பார்த்தது, ஆனால் அதில் ஏற்கெனவே ஒன்று இருந்தது. கை தயங்கியது. பந்து அவருடைய முகத்தைத் தாண்டி, தோளைத் தாண்டி, இடுப்பைத் தாண்டி இறங்கித் தரையில் பட்டுக் குதித்தது. மறுபடி குதித்தது. பிறகு உருண்டு போய் நின்றது.

நர்ஸம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு பெஞ்சில் போய் உட்கார்ந்து அழுதார். கணவர் போனபோது வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர் அவர், அப்போது அழ நேரம் இருக்கவில்லை. இப்போது ஆஸ்பத்திரிக்கு நேரமாகிற வரைக்கும் அழுதார். கோச் மைதானத்தில் சிதறிக் கிடந்த பந்துகளைக் கூடையில் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் நர்ஸம்மா வழக்கத்தைவிடச் சீக்கிரமாக வந்து நின்றார்.

அதன் பிறகு வேகமாகத்தான் போனது. அனுப்பியது சரியில்லை என்றால் கீழே விட்டார். சரியாக இருந்தால் அடித்தார். பாதி வலையில் போய் விழுந்தது, மீதியில் பாதி வெளியே போனது, ஆனால் எதிர்ப் பக்கக் கட்டத்துக்குள் விழுந்தவை சுத்தமாக விழுந்தன. குறிப்பிட்ட அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, பெட்டிக்குள் நாத்தனார் துணி அடுக்கிக்கொண்டிருந்தபோது, "நாளைக்கு நான் ரெடி" என்று சொல்லிவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் குளிக்கப் போய்விட்டார்.

நாத்தனார் வந்தார். தேர்வு என்று தேதி கொடுத்துவிட்டால் மழையானாலும் போய் நிற்கிற ஆள் அவர். ஆனால் வேலிக்கதவைத் தாண்டியதும் முதுகை வேலியோடு ஒட்டிக்கொண்டே நடந்ததை நர்ஸம்மா பார்த்தார். எதிர்ப் பக்கம் மருந்துக்கடைக்காரரும் அவர் மனைவியும். அவர்களும் அன்றைக்குப் பிறகு இங்கே வந்ததில்லை. நால்வரும் வலையருகே வந்து நின்றார்கள். மருந்துக்கடைக்காரர் மனைவி மட்டும் நாத்தனாரின் மணிக்கட்டைப் பிடித்து ஒருமுறை அழுத்திவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.

நாத்தனார் முதலில் சர்வீஸ் போட்டு அந்த ஆட்டத்தைச் சுலபமாக வென்றார். எதிர்ப் பக்கத்தார் தங்கள் முறையை வென்றார்கள். அடுத்தது நர்ஸம்மா.

பின்கோட்டில் போய் நின்று, இரண்டு பந்துகளையும் கையில் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தார். வலையருகே நின்ற நாத்தனார் முதுகைக் காட்டவில்லை. கழுத்தை முழுக்கத் திருப்பி இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பந்தைப் பார்க்கிற பார்வை அல்ல அது. மூச்சு வருகிறதா என்று நெஞ்சைப் பார்க்கிற பார்வை. வார்டில் எத்தனையோ தடவை நர்ஸம்மாவே பார்த்த பார்வை. முதல் பந்து வலையில். ஒரு புள்ளிக்கு இரண்டு சர்வீஸ் போடலாம். இரண்டாவதை அனுப்பியதும் கையில் வேறு பந்து இல்லாததால் பழைய புத்தி திரும்பி வந்துவிட்டது. அனுப்பினார், பிடித்தார். அனுப்பினார், பிடித்தார். அடிக்காமல் பிடித்தால் தப்பில்லை என்பதால் மருந்துக்கடைக்காரர் பொறுமையாகக் குனிந்து நின்றார். ஒருவழியாக அடித்தது வேலியில் போய் விழுந்தது.

அடுத்த புள்ளியும் அதே கதி. அதற்கடுத்ததில் முதல் பந்து வெளியே போக, இரண்டாவது நல்லபடியாகக் கட்டத்துக்குள் விழுந்தது. அப்பாடா என்று இவர் மூச்சு விடுவதற்குள், "கோட்டுல கால் பட்டுது அண்ணி, அது ஃபால்ட், செல்லாது" என்றார் நாத்தனார்.

எதிராளிகள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "நாங்க பாக்கலியே, பரவால்ல, விடுங்க" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"நான் பாத்தேன்" என்றார் நாத்தனார். சொந்த ஜோடியையே ஃபெயிலாக்குகிற ஆள் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருக்க முடியும். அந்தப் புள்ளியும் போயிற்று.

நர்ஸம்மா பந்துகளைக் கையில் எடுத்தார். நாத்தனார் அப்போதும் திரும்பித்தான் நின்றார். அவ்வளவுதான், வராந்தாக் குரல் வெளியே வந்துவிட்டது.

"என் மூஞ்சியவே பாத்துட்டு நின்னா எனக்கு எப்படிடீ வரும்? நான் இங்கதான் இருக்கேன். நல்லாத்தான் இருக்கேன். எங்கயும் போகல. நீயும் போகாத. முன்னாடி பாரு!"

மூன்று மாதமாகச் சொல்லாமல் வைத்திருந்த வார்த்தை அதட்டலின் நடுவில் நழுவி வந்துவிட்டதை அவர் கவனித்தாரோ இல்லையோ, நாத்தனார் கவனித்தார். மெல்ல முன்பக்கம் திரும்பினார். தோள்கள் மட்டும் காதுவரை ஏறியிருந்தன.

நர்ஸம்மா பந்தை மேல்தட்டில் வைத்தார். கையை எடுத்தார். அண்ணாந்து பார்த்து, குதிகால் உயர, இருக்கிற குள்ளத்தையெல்லாம் நீட்டி அடித்தார். வாழ்க்கையில் அவர் அடித்த அடிகளிலேயே அதுதான் முழு அடி. பந்து பறந்து போய் நாத்தனாரின் இடது தோள்பட்டையில் நடுமுதுகை ஒட்டிச் 'சத்' என்று விழுந்தது.

மட்டையையும் மிச்சப் பந்தையும் போட்டுவிட்டு ஓடினார். "எங்க பட்டுது? காட்டு. மூச்ச இழுத்து விடு." தோளை இரண்டு கைகளாலும் அழுத்தித் தடவினார். நாத்தனார் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது கண் நிறைந்திருந்தது. வலியாலும் இருக்கலாம்.

"இவ்ளோ வேகமா போடுவீங்கன்னு சொல்லவே இல்லியே அண்ணி."

"எனக்கே இப்பத்தான் தெரியும்."

"அதுக்காக நேரா முதுகப் பாத்தா? அடுத்த வாரம் நீங்க இன்னும் ரெண்டடி தள்ளி நின்னு போடணும்."

"அடுத்த வாரமா?"

நாத்தனார் சட்டையில் பட்டிருந்த பந்தின் தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டார். "இது முதல் சர்வீஸ்தான். இன்னொண்ணு இருக்கு. போங்க" என்றார்.

நர்ஸம்மா திரும்பி நடந்தார். கீழே கிடந்த மட்டையையும் பந்தையும் எடுத்தார். கையில் ஒரே ஒரு பந்துதான் மிச்சம். கோட்டிலிருந்து காலை நன்றாகத் தள்ளி வைத்துக்கொண்டு நிமிர்ந்து, நாத்தனாரின் முகம் மறுபடியும் தன் பக்கம் திரும்பும் என்று காத்திருந்தார். எதிர்ப் பக்கத்து இருவரும் காத்திருந்தார்கள். மேலே ஒரு விமானம் போய் அதன் சத்தமும் அடங்கியது.

நாத்தனார் வலையை நோக்கி இன்னும் ஓரடி முன்னால் போனார். பின்கழுத்தில் வியர்வையோடு ஒட்டியிருந்த முடியை ஒரு விரலால் ஒதுக்கிவிட்டு, முழங்காலை மடக்கிக் குனிந்து, திரும்பாமல் நின்றார்.